மாலை போட்ட மாதத்தில் காய்ச்சிய பீர்

வேலை கிடைத்தால் இந்த வருஷம் மாலை போட்டு மலைக்கு வருகிறேன் என்று ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டேன். வேலை கிடைத்தது. பீர் காய்ச்சுகிற வேலை.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மனைவியின் நர்சரிப் பள்ளிச் சம்பளத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு, வந்த வேலையின் ஜாதகம் பார்க்கத் தோன்றாது. அதற்கு முன்னால் நான் ஓசூர்ப் பக்கம் பால் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில் டேங்க் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விண்ணப்பமாகப் போட்டுத் தள்ளியதில், கூப்பிட்டுப் பேசிய ஒரே இடம் வைட்ஃபீல்டில் இருந்த ஒரு பீர்க் கடை. கடை என்றால் பாட்டில் விற்கிற கடை இல்லை. நடுவில் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் ஆள் உயரத்தைத் தாண்டிப் பளபளக்கும் எஃகு டேங்குகள், சுற்றிலும் மேஜை நாற்காலி. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். பாலுக்கும் பீருக்கும் டேங்க் ஒன்றுதான், பைப் ஒன்றுதான், கழுவுகிற காஸ்டிக் சோடாவும் ஒன்றுதான் என்று இன்டர்வியூவில் அடித்துவிட்டேன். உதவி ப்ரூவராக, பீர் காய்ச்சுகிறவருக்கு அடுத்த ஆளாக, எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் கடைசி வரைக்கும் ப்ரொபேஷன்.

தலைமை ப்ரூவர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஒரே பேச்சில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் வரும். கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். முதல் நாள் காலையில் என் கையில் ரப்பர் பூட்ஸையும் ஒரு மண்வாரியையும் கொடுத்தார்.

“பால்ல நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கு வேணாம். இங்க ப்ரூவர்னா கழுவறவன். கழுவறதுக்கு நடுவுல கொஞ்சம் பீர் ஆகும். அவ்ளோதான்.”

உண்மைதான். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, உடைத்து வெந்நீரில் ஊறவைத்துச் சாறு வடிப்பார்கள். வடித்த பிறகு தொட்டி நிறையச் சக்கை நிற்கும். அதைச் சின்னக் கதவு வழியாக வாரி வெளியே தள்ள வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும், முதுகு கழன்றுவிடும். வர்த்தூரிலிருந்து ஒரு மாட்டுக்காரர் வந்து சக்கையை டிரம் டிரம்மாக ஏற்றிக்கொண்டு போவார். முதல் வாரம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவே தெம்பிருக்காது. ஆனால் ஒரு நாள்கூட வேண்டாம் என்று தோன்றவில்லை. வேலையில்லாமல் இருந்த அலுப்போடு ஒப்பிட்டால் இந்த அலுப்பு எனக்குப் பாயசம்.

கழுவுவதற்கு அடுத்தபடி ருசி. தினமும் காலையில், காபி குடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு டேங்கிலிருந்தும் ஒரு வாய் எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் நண்பர்களோடு ஒரு கிளாஸ், அவ்வளவுதான். மேடம் திட்டித் திட்டித்தான் நாக்கைப் பழக்கினார். புளித்த வாடை வந்தால் கிருமி. பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் சாற்றைப் புளிக்கவைத்துப் பீராக்குகிற ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. வெண்ணெய் வாசனை வந்தால் அதுவும் அப்படியே, ஆனால் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். முதல் தடவை வெண்ணெய் வாசனை வந்த ஒரு கிளாஸைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். “ரொம்ப நல்லா இருக்கு மேடம்” என்றேன். நமக்கு வெண்ணெய் வாசனை வந்தால் நல்லதாகத்தானே படும்! அன்றைக்கு அவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஐப்பசி முடியப் போகிற சமயத்தில் மனைவி கேட்டாள், “மாலை போடப்போறத மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“மாலை போட்டா அத வாயில வைக்கக்கூடாது. வாயில வைக்கலன்னா அங்க வேலை இல்ல. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க? அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ல?”

“வேலை குடுத்தா இந்த வருஷம்னு சொன்னேன். குடுத்துட்டாரு. இப்ப நான் தவணை கேட்டா நல்லாவா இருக்கும்?”

அவள் முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் சுபாவம் அப்படி, ஒன்று சொன்னால் சொன்னதுதான். இதனால் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறவர்தான் எங்கள் குழுவுக்குக் குருசாமி. மாலை போடுவதற்கு முன்னால் அவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் காப்பர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“வேலை வேணும்னு கேட்டியே, என்ன வேலைன்னு சொல்லிக் கேட்டியா?”

“இல்ல சாமி.”

“அப்ப அவர் மேல தப்பு இல்ல.” கம்பிச் சுருளை ஓரமாக வைத்தார். “வெறுங்கால்ல அங்க நடக்க முடியுமா?”

“முடியாது சாமி. காஸ்டிக் பட்டா தோல் உரிஞ்சிடும்.”

“சரி, உள்ள இருக்கிற வரைக்கும் பூட்ஸ் போட்டுக்க. வாசல்ல கழட்டிடு. காய்ச்சறது உன் பொழப்பு, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வாயில ஒரு சொட்டு படக்கூடாது. துப்பிட்டேன் கிப்பிட்டேன்னு எங்கிட்ட வந்து நிக்காத.”

“ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி வடிக்கிற சாறு?”

“போதை இருக்கா?”

“இல்ல சாமி. கஞ்சி மாதிரிதான்.”

“கஞ்சின்னா குடி.”

கார்த்திகை முதல் நாள் விடிகாலையில் மாலை போட்டுக்கொண்டு, கருப்புச் சட்டையும் கருப்புப் பேண்ட்டுமாக, வெறுங்காலோடு மெட்ரோ ஏறி வைட்ஃபீல்டில் இறங்கினேன். ஆபீஸ் போகிற கூட்டம் என் காலையும் கழுத்தையும் பார்த்துவிட்டு வழிவிட்டது. அது ஒரு சௌகரியம். ஆனால் மேடம் வழிவிடுகிற ஆள் இல்லையே.

“மாலை போட்டிருக்கேன் மேடம்.”

“சபரிமலையா? ஓகே. பூட்ஸ் எங்க? பூட்ஸ் இல்லாம இந்தக் கதவைத் தாண்டினீங்கன்னா அப்படியே மனெகெ ஹோகி, வீட்டுக்குப் போயிட்டே இருங்க.”

“போட்டுக்கறேன் மேடம். குருசாமிகிட்ட கேட்டுட்டேன்.”

“பரவால்லியே, அவருக்கும் சேஃப்டி தெரியுது. சரி, கிளாஸ் எடுத்துட்டு வாங்க, டேஸ்டிங்.”

“அது மட்டும் முடியாது மேடம். ஜனவரில மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் வாயில படக்கூடாது.”

கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். கன்னடம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அமைதியாகப் பேசினார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“உங்க சாமிக்கு நடுவுல நான் வரல. எங்க வீட்லயும் ஈஸ்டருக்கு முன்னாடி லெந்துல நாப்பது நாளு அப்பா கறி தொட மாட்டாரு. ஆனா டேங்குக்கு மாலை தெரியாது. கேளுங்க. டிசம்பருக்குள்ள ஒரு பேட்ச் முழுக்க நீங்க பண்ணனும். மால்ட் உடைக்கறதுலேர்ந்து, ‘ரெடி, ஊத்தலாம்’னு சொல்றது வரைக்கும். அந்த ‘ரெடி’ய நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். வாயால பாத்துச் சொல்வீங்களோ, மூக்கால பாத்துச் சொல்வீங்களோ, உங்க பாடு. சரியா சொன்னா வேலை பர்மனென்ட். தப்பா சொன்னா, சாரி, வேற ஆள் பாக்கணும்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்களே, அது இதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ‘மூக்கால பாத்துச் சொல்றேன் மேடம்’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அவர் எனக்குக் கொடுத்தது லேசான லாகர் பீர். மசாலா அரைத்து ஊற்றிய குழம்பில் ஒரு தப்பை மறைத்துவிடலாம், ரசத்தில் மறைக்க முடியாது. லாகர் ரசம் மாதிரி. வாரக் கணக்கில் மெதுவாகப் புளித்து, கடைசியில் சில நாள் குளிரில் கிடந்து தெளிய வேண்டும். வருகிற புத்தாண்டுக் கூட்டத்துக்கு அதுதான் ஊற்றப்போவது. காய்ச்சுகிற அன்று நானே உடைத்தேன், நானே ஊறவைத்தேன், வெப்பத்தைக் கால் மணிக்கு ஒரு தரம் பார்த்தேன். வடித்த சாறு கோதுமைக் கஞ்சியில் வெல்லம் போட்ட மாதிரி வந்தது. குருசாமி உத்தரவு இருந்ததால் ஒரு டம்ளர் குடித்தேன். கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைக் கொட்டி மூடினேன். அந்த நிமிஷத்திலிருந்து அது எனக்குத் தொடக்கூடாத பண்டமாகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தேன். டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் ஒரு சொட்டு வினிகர், ஒன்றில் துளி வெண்ணெய், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் நறுக்கிய பச்சை ஆப்பிள், ஒன்றில் வேகவைத்த முட்டைக்கோஸ், ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டித் துண்டு. இவ்வளவு வாசனையும் பீரில் வரக்கூடிய நோய்கள். என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு மனைவி ஒவ்வொன்றாக நீட்டுவாள். விரதத்தில் இருப்பதால் அவளும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

“சாமி, இது என்ன?”

“கிராம்பு.”

“தப்பு. முட்டைக்கோஸ். எல்.கே.ஜி. புள்ளைங்க உங்களைவிட நல்லா சொல்லும் சாமி.”

திட்டினாலும் ஒரு நாளும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கூட்டி வாசனையைக் குறைத்துக்கொண்டே போனாள். அவளுக்கும் இந்த வேலை நிற்க வேண்டும் என்று இருந்ததை அப்போதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். மார்கழி பிறந்தபோது ஒரு குடம் தண்ணீரில் வெண்ணெய் தொட்ட விரலை நனைத்தாலும் சொல்லிவிடுவேன். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

தொழிலிலும் வாயே படாத ஒரு சோதனை இருந்தது. இரண்டு கிளாஸில் பீர் எடுத்து மூடி, ஒன்றை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பிறகு ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பார்க்க வேண்டும். பீருக்குள் வெண்ணெய் வாசனை ஒளிந்திருந்தால் சூட்டில் வெளியே வந்துவிடும். வந்தால், டேங்க்கைக் குளிர்விக்காமல் இன்னும் ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பாக விட்டுவைத்தால் போதும், ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். வராவிட்டால் ரெடி. என் வேலை இருப்பதும் போவதும் இந்த முகர்தலில் வந்து நின்றது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதற்கு நாள் குறித்திருந்தார் மேடம். அன்று விடிகாலையில் எங்கள் குழுவில் முன்னதாகக் கிளம்புகிற சிலருக்கு இருமுடி கட்டு. குருசாமி வீட்டு ஹாலில் சரண கோஷம் காதைப் பிளந்தது. தேங்காய்க்குள் நெய் நிரப்புவதற்கு ஆள் போதவில்லை என்று நானும் உட்கார்ந்து ஊற்றினேன். பிறகு மறுபடி குளிக்க நேரமில்லாமல், கையை மட்டும் கழுவிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

டேங்கிலிருந்து இரண்டு கிளாஸ் எடுத்தேன். ஒன்றைச் சூடாக்கி ஆறவைத்தேன். முகர்ந்தேன். வெண்ணெய். சூடாக்காததை முகர்ந்தேன். அதிலும் வெண்ணெய். சூட்டில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இரண்டும் ஒரே அளவு. அப்படி வரக்கூடாதே! சந்தேகம் வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு வெறும் கிளாஸை எடுத்து முகர்ந்தேன். அதிலும் வெண்ணெய்.

அட கடவுளே. நெய்!

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சானிடைசர் ஊற்றித் தேய்த்தேன். கையிலிருந்து வாசனை போனாலும் மீசையிலிருந்து போகவில்லை. மாலை போட்டதிலிருந்து சவரம் செய்யாமல் புதராக வளர்ந்திருந்த மீசை தாடியில், வியர்வையைத் துடைக்கிறேன் என்று நெய்க் கையால் நானே பூசி வைத்திருந்தேன். மூக்குக்குக் கீழேயே நெய்க் கடை. உலகத்தில் எந்த ப்ரூவருக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்கும்?

அறையில் யாருமில்லை. டேங்க்கின் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாக்கில் ஒரு துளி பட்டால் போதும், மாதக் கணக்காகப் பழக்கின நாக்கு உடனே சொல்லிவிடும். வேலை கைக்கு வந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பொய் சொல்ல மாட்டேன், குழாயைத் திறக்கக் கை போனது. பிறகு எனக்கே என் மேல் கோபம் வந்தது. ஒளிந்து குடித்துத்தான் இந்த வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், கார்த்திகை முதல் நாளே வெளிப்படையாகக் குடித்திருக்கலாமே, எதற்கு இத்தனை கூத்து? ஆனது ஆகட்டும் என்று மேடத்திடம் போனேன். வீட்டுக்கென்று கேக் வாங்கிக்கொண்டு அவர் அப்போதுதான் கடைக்குள் நுழைந்தார்.

“இன்னிக்குச் சொல்ல முடியாது மேடம். ஒரு நாள் வேணும்.”

“யாக்கெ? ஏன்?”

நெய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கன்னடம் அருவியாகக் கொட்டியது. முதலாளி இன்றைக்கே டேங்க்கைக் குளிர்விக்கச் சொல்லியிருந்தாராம், ஒரு நாள் தள்ளினால் புத்தாண்டுக் கூட்டத்துக்கு இழுபறி ஆகிவிடுமாம். எல்லாம் சொல்லி முடித்து மூச்சு வாங்கினார்.

“நான் ஒரு வாய் குடிச்சா இப்பவே சொல்லிடுவேன். சொல்லட்டுமா? சொன்னா அது என் பேட்ச் ஆயிடும், உங்களுது இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க ஒண்ணும் இல்ல மேடம். நாளைக்கு நான் சொல்றேன்.”

“நாளைக்கு கிறிஸ்துமஸ்.”

“எனக்கு டூட்டிதான் மேடம். போன்ல சொல்றேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒரே வார்த்தை. ரெடி, இல்லன்னா இல்ல. கதை வேணாம்.”

மறுநாள் காலையில் தலையிலிருந்து தாடி வரைக்கும் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். விளக்கேற்றுகிற பொறுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு, எண்ணெய், கற்பூரம், திருநீறு எதையும் தொடாமல் தூர நின்று கும்பிட்டேன். “நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிக் குளிக்கல நீங்க” என்றாள். மெட்ரோவில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே போனேன்.

முதலில் வெறும் கிளாஸ். ஒன்றுமில்லை. பிறகு சூடாக்காதது. உமி வாசனை, அதற்குப் பின்னால் புல் மாதிரி ஹாப்ஸ். பிறகு சூடாக்கியது. அதே உமி, அதே புல். வெளியே போய் வெயிலில் நின்று மூச்சு விட்டுவிட்டு வந்து மறுபடி முகர்ந்தேன். வெண்ணெய் இல்லை. முந்தின நாள் நான் முகர்ந்தது என் மீசை நெய் மட்டும்தானா, டேங்கிலும் கொஞ்சம் இருந்து இந்த ஒரு நாளில் ஈஸ்ட் தின்றுவிட்டதா, அது இனி யாருக்கும் தெரியாது. மேடத்திடம் போனில் “ரெடி” என்றேன். பின்னால் சர்ச் மணி கேட்டது. “குளிர வைங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் சொன்னது சரியா தப்பா என்று அதிலிருந்து தெரியவில்லை.

வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம் என் லாகரைக் குழாயில் இணைத்தார்கள். ருசி பார்த்த மேடம் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று நான் முதல் மேஜையைப் பார்த்தேன். பீர் வெயிலில் பிடித்துக் காட்டிய மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தது, நுரை நின்றது. ஒரு பையன், ஒரு பெண். பேசிக்கொண்டே குடித்தார்கள். முகம் சுளிக்கிறார்களா என்று பார்த்தேன். சுளிக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கிளாஸ் காலியானதும் கையைத் தூக்கி இன்னொன்று கேட்டார்கள். பெற்ற பிள்ளை மேடையேறிப் பாடுவதைப் பார்க்கிற மாதிரி, காது கேட்காதவன் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

புத்தாண்டு அன்று காலையில் டேங்க் காலி. அதே வாரம் மலைக்குப் போனேன், படி ஏறினேன், அழுதேன், திரும்பி வந்து மாலையைக் கழற்றினேன். அடுத்த நாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக மேடத்திடம் கேட்டேன், எனக்கென்று ஒரு கிளாஸாவது எடுத்து வைத்தீர்களா என்று.

“எதுக்கு? விக்கறதுக்குத்தானே காய்ச்சறோம்.” போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆபீஸ்ல சொல்லிட்டேன், நீங்க பர்மனென்ட். இன்னிக்கு மறுபடி லாகர். அதே மாதிரி போடுங்க.”

சந்தோஷத்தில் சரி மேடம் என்று திரும்பிவிட்டேன். மால்ட் மூட்டை வரைக்கும் போன பிறகுதான் உறைத்தது. என் கையால் காய்ச்சிய முதல் பீரை ஊரெல்லாம் குடித்தது, நான் குடிக்கவில்லை. இனிமேல் குடிக்கவும் முடியாது.

திரும்பி வந்து கேட்டேன். “அதே மாதிரின்னா எப்படி மேடம்? அது எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதே.”

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எனக்குத் தெரியும்” என்றார். “நீங்க போடுங்க.”